நாச்சிமுத்து எந்த வகுப்பு

பந்தய நடுவர் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் விதிப்புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிறீர்கள். சந்தோஷம். போன வாரம் உங்களில் ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்திருந்தான். "அமெச்சூர், தொழில்முறை என்று ஓட்டுநர்களைப் பிரிப்பதில் என்ன சார் பெரிய கஷ்டம்? பந்தயத்துக்குப் பணம் வாங்கினாயா என்று கேட்டால் முடிந்தது" என்றான். எனக்குக் கோபம் வந்தது. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இதைப் படித்த பிறகும் அந்தக் கேள்வி சுலபமானது என்று தோன்றினால், தம்பிகளே, மோட்டார் சைக்கிள் பந்தயத்தை விட்டுவிட்டு வேறு ஏதாவது பிழைப்பைப் பாருங்கள். உங்களுக்கும் நல்லது, ஓட்டுகிறவனுக்கும் நல்லது.

இது நடந்தது முப்பதுகளில். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரைமார், சுரங்க எஞ்சினியர்கள், ரயில்வே அதிகாரிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு மோட்டார் கிளப் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தரம், தை மாதம், கலெக்டரிடம் அனுமதி வாங்கிச் சேலத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டைக் காலையில் மூடிவிட்டுப் பந்தயம் விடுவார்கள். தார் ரோடு கொஞ்ச தூரம்தான். மீதியெல்லாம் கப்பியும் புழுதியும். நான் அப்போது ரயில்வேயில் குமாஸ்தா. பாதிரிமார் பள்ளியில் படித்ததால் இங்கிலீஷ் வரும். அம்மா ராசிபுரத்துப் பக்கம் என்பதால் கொங்குப் பேச்சும் புரியும். அதனால் தலைமை நடுவர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். சனங்கள் சொல்வதை அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் சொல்வதைச் சனங்களுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அந்த நடுவரைத் துரை என்றே இங்கே சொல்கிறேன். நியாயமான மனிதர். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கற்றதுதான். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு காலம் மனசு அடித்துக்கொண்டிருக்காது.

அன்றைய விதி இதுதான். பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவன் அமெச்சூர். மோட்டார்த் தொழிலில் சம்பளம் வாங்குகிறவன், அல்லது எப்போதாவது பந்தயம் ஓட்டிப் பணம் வாங்கினவன், தொழில்முறை ஓட்டுநர். முதலாவது கறை கழுவினால் போய்விடும்: ஒரு முழு வருஷம் அந்தத் தொழிலை விட்டு விலகியிருந்தால் போதும். இரண்டாவது கறை சாகும்வரை போகாது. கோப்பை, பேர், ஜெயித்தவனை மெட்ராஸ் பந்தயத்துக்கு அனுப்புவது எல்லாம் அமெச்சூர் வகுப்புக்குத்தான். தொழில்முறை வகுப்பு மூன்று பேராவது சேர்ந்தால்தான் நடக்கும். எங்கள் பக்கத்தில் மூன்று பேர் ஒருநாளும் சேர்ந்ததில்லை.

நாச்சிமுத்து சேலத்தில் ஒரு மோட்டார் ஒர்க்ஷாப்பில் பிட்டர். புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே உள்ள ஊர். அவன் அப்பன் அங்கே ஒரு பெரிய தோட்டக்காரரிடம் காலமெல்லாம் பண்ணையத்தில் இருந்தவன். பந்தயத்து அன்று துரைமாரின் வண்டிகளை ஓட்டிப் பார்த்து, சரிசெய்து, கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவது நாச்சிமுத்துவின் வேலை. ஒரு வருஷம் பாதி வழியில் நின்றுபோன ஒரு வண்டியைப் பந்தயம் முடிந்த பிறகு சரிசெய்து சேலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். துரையும் நானும் மல்லூர் அருகே ரோட்டோரம் நின்றிருந்தோம். அவன் எங்களைக் கடந்து போன வேகத்தையும், அந்த வளைவில் வண்டியைப் படுக்கப்போட்டுத் திருப்பின லாவகத்தையும் பார்த்துவிட்டு, துரை என்னைப் பார்த்தார். அன்று கோப்பை வாங்கினவன் அந்த வளைவில் பிரேக்கை அமுக்கிக்கொண்டு கிழவி மாதிரி போனவன்.

மறுநாள் நாச்சிமுத்து ரயில்வே ஆபீஸுக்கே வந்துவிட்டான். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டான்.

"ஏனுங்க சாமி, அவங்களோட ஒண்ணா நின்னு ஓட்டோணும்னா நான் என்னங்க பண்ணோணும்?"

விதியைச் சொன்னேன். ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னேன்.

"ஒரு வருசம் வேலைக்குப் போகாம சும்மா இருக்கோணுங்களா?"

"மோட்டார் வேலைக்குத்தான் போகக் கூடாது. வேறே வேலை பார்க்கலாம்."

"எனக்கு வேறென்னங்க தெரியும்" என்று சிரித்தான். "சரிங்க, பாத்துக்கலாமுங்க."

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். அடுத்த வாரமே ஒர்க்ஷாப்பை விட்டு நின்றுவிட்டான். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கினான். அதுவும் தினமும் கிடைக்கிற வேலை இல்லை. அவன் பெண்சாதி ராமாயி ஆட்டையாம்பட்டியில் நெசவு வீடுகளில் தார் சுற்றினாள். நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கிற வேலை. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை கை நிற்கக் கூடாது. அந்த வருஷம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் கையால்தான். ஏற்காட்டுப் பள்ளத்தில் விழுந்து நசுங்கின ஒரு வண்டியை யாரோ பழைய இரும்புக்குப் போட்டதை வாங்கி, நாச்சிமுத்து கொஞ்சம் கொஞ்சமாக உயிர் கொடுத்தான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் நானும் எட்டிப் பார்ப்பேன். ஆள் இளைத்துக்கொண்டே போனான். வண்டி தேறிக்கொண்டே வந்தது.

"பைத்தியமாப்பா உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருக்கா அவங்ககூட நின்னு ஓட்டிப்போட்டா போதுமுங்க. அப்பறம் திரும்பி ஒர்க்ஷாப்புக்கே போயிர்றேனுங்க" என்றான்.

ராமாயி உள்ளே இருந்து, "அந்த ஒருக்காவுக்குத்தானுங்க சாமி நானும் கும்பிட்டுக்கிட்டுக் கெடக்கறேன்" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் விரல்களைப் பார்த்தேன், நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப் போயிருந்தன.

வருஷம் முடிந்தது. தை வந்தது. பந்தயக் காலையில் சேலத்தை ஒட்டின திடலில் கூடாரம் போட்டிருந்தார்கள். வகுப்பு பிரிக்கிற வேலை அங்கேதான் நடக்கும். துரைமார் ஒவ்வொருவராகக் கூடாரத்துக்குள் வந்தார்கள். நாற்காலி, டீ, இரண்டு பேச்சு. அதில் ஒருவர் ஓட்டின வண்டி, டயர், பெட்ரோல், தங்கின ஓட்டல் எல்லாம் மெட்ராஸில் வண்டி விற்கிற ஒரு கம்பெனியின் தயவு என்று ஊருக்கே தெரியும். துரை மெதுவாக, "உங்களுக்கு யாரும் எதுவும் தருகிறார்களா?" என்று கேட்டார். "நண்பர்கள் உதவி" என்றார் அவர். அமெச்சூர் என்று எழுதியாயிற்று. அதுவும் விதிப்படிதான், தப்பு சொல்ல முடியாது.

நாச்சிமுத்துவின் முறை வந்தபோது அவனைக் கூடாரத்துக்குள் கூப்பிடவில்லை. துரை எழுந்து வெளியே வந்தார். பழைய ஒர்க்ஷாப் ஆள் என்பதால் நாலு பேர் பார்க்க விசாரித்தால் பின்னால் யாரும் ஆட்சேபணை கிளப்ப மாட்டார்கள் என்று நல்ல எண்ணத்தில்தான் வந்தார். வெளியே நாலு பேரா இருந்தார்கள்? நாச்சிமுத்துவின் ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது. அவன் அப்பன் வேலை செய்த தோட்டக்காரர் முன்னால் நின்றார். அந்தப் பக்கத்தில் பண்ணாடி என்பார்கள். வெள்ளை மீசை, சரிகைத் துண்டு, காலில் புதுச் செருப்பு. பெண்கள் கூட்டத்தில் ராமாயி சோற்றுப் பானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

துரை கேட்டார், நான் சொன்னேன். ஒரு வருஷம் மோட்டார் வேலை செய்தாயா? இல்லை. மண்டியில் மூட்டை தூக்கினதற்குச் சாட்சி உண்டு. முதல் கறை கழிந்தது. அடுத்து, எப்போதாவது பந்தயம் ஓட்டிப் பணம் வாங்கியிருக்கிறாயா?

நாச்சிமுத்து யோசித்தான். பொய் வராத ஆள். "ஒருக்கா எங்கூரு நோம்பியில..." என்று இழுத்தான். நோம்பி என்றால் ஊர்த் திருவிழா.

அதற்குள் பண்ணாடி முன்னால் வந்துவிட்டார். பையன் கூச்சப்படுகிறான், நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"தொரைகிட்ட நல்லாச் சொல்லுங்க சாமி. இவன் ஏப்பசாப்ப ஆளில்லீங்க. என்ற ரேக்ளாக் காளைங்க ரெண்டும் இந்தச் சில்லாவுலயே பேரு வாங்குனதுங்க. போன நோம்பிக்கு, ஏண்டா பையா உன்ற தகர வண்டி என்ற காளைகிட்ட நிக்குமாடான்னு சும்மாத்தான் கேட்டேன். ஓடி ஜெயிச்சுப்போட்டான். நானே ஊரு பாக்கத் தலப்பா கட்டி, தட்டத்துல ஒரு பவுன் வெச்சுக் குடுத்தேனுங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, பெருமையான முணுமுணுப்பு. பண்ணாடி மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்கு நாச்சிமுத்துவைத் தூக்கி நிறுத்த வேண்டும், காளையைத் தூக்கி நிறுத்த வேண்டும், வெள்ளைக்காரன் முன்னால் ஊரைத் தூக்கி நிறுத்த வேண்டும். எல்லாம் ஒரு பவுனில் நடந்துவிட்டது.

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். வேறென்ன செய்வது, கேட்டதைச் சொல்வதுதான் என் வேலை. துரையின் முகம் மாறிவிட்டது. அவருக்கு நம் வழக்கம் தெரியாததல்ல. எங்கேயோ ஒரு திருவிழாவில் அவருக்கே மாலை போட்டு, வெற்றிலையில் காசு வைத்து மரியாதை செய்திருக்கிறார்கள். துணி, வெற்றிலை, ஒற்றை நாணயம் என்றால் அவர் பணமாக எண்ண மாட்டார். அது மரியாதை என்று தள்ளிவிடுவார். ஆனால் பவுன் என்பது பொன். பந்தயத்தில் ஜெயித்ததற்குப் பொன். அவர் எப்படித் தள்ளுவார்?

"அவனையே கேள்" என்றார். "இது உண்மையா?"

கேட்டேன். நாச்சிமுத்து பண்ணாடியைப் பார்த்தான். பண்ணாடி சிரித்த முகத்தோடு, சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினார்.

"அவங்க சொன்னாச் சரிதானுங்க" என்றான் நாச்சிமுத்து.

"நல்லாக் கேட்டுக்கோ. பவுன்னு சொல்றார். பவுன்தானா?"

"அவங்கதான் சொல்லிப்போட்டாங்களே சாமி."

அதையும் இங்கிலீஷில் சொன்னேன்.  துரை, "தொழில்முறை வகுப்பு" என்றார். அந்த வகுப்புக்கு அந்த வருஷம் வந்தவன் நாச்சிமுத்து ஒருவன்தான். அப்படியென்றால் ஓட்ட முடியாது. கூட்டத்துக்கு அது புரியவில்லை. பெரிய வகுப்பில் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று பண்ணாடி பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. நாச்சிமுத்து மேல்தான் வந்தது. வண்டிகள் நின்ற புளியமரத்துக்குப் பின்னால் போனேன். அவன் முதுகில் கட்டியிருந்த நம்பர் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, இத்தனை தடவை விதியைப் படிச்சுச் சொன்னேனே. பவுன் வாங்கினதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பவுனெங்கீங்க" என்றான். "ஒத்த ரூவாய்ங்க. வெத்தலை மேல வெச்சுக் குடுத்தாங்க. அதையும் அப்பவே மாரியாத்தா உண்டியல்ல போட்டுட்டேனுங்க."



"அட பாவி, அப்புறம் எதுக்கு சரின்னு சொன்னே?"

"எப்பிடீங்க இல்லீன்னு சொல்றது? ஊரே நிக்குது. எங்கப்பன் அவரு மொகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. அப்பேர்ப்பட்டவரு ஊரு பாக்க என்ற தலையில துணி கட்டுனாருங்க. அவரு சொல்றது பொய்யின்னு என்ற வாயில எப்பிடீங்க வரும்?"

ஓடினேன். துரை கொடிக்காரனோடு ரோட்டில் நின்றிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியவில்லை.

"நீ சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் அவன் எல்லோர் முன்னாலும் என்னிடம் ஒன்று சொன்னான். இப்போது சொல்வது நிஜமென்றால் அப்போது சொன்னது பொய். பொய் சொன்னவனுக்கும் இந்தப் பந்தயத்தில் இடமில்லை. ஒரே ஒரு வழி இருக்கிறது. அந்தப் பெரியவர் வந்து, தான் கொடுத்தது ஒரு ரூபாய்தான் என்று எல்லோரும் கேட்கச் சொல்லட்டும். அவன் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டான் என்று நான் எழுதிக்கொள்கிறேன். வண்டியை எடுக்கட்டும். அதுவரை கொடியை நிறுத்தி வைக்கிறேன்."

நிஜமாகவே நிறுத்தி வைத்தார். வரிசையில் நின்ற துரைமார் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு முணுமுணுத்தார்கள். நான் பண்ணாடியைப் பார்த்து நடந்தேன். நாச்சிமுத்து குறுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கு முன்னால் அவன் என்னைத் தொட்டதே இல்லை.

"வேண்டாமுங்க சாமி."

"ஒரு வார்த்தைப்பா. அவர் நல்ல மனுஷன். உன் நிலைமையைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்."

"ஒத்துக்குவாருங்க. அதுக்குத்தான் வேண்டாங்கறேன். இந்தச் சனத்துக்கு முன்னால, நான் பீத்திக்கிட்டேன்னு அவரு வாயால சொல்லோணுங்களா? எனக்காவ வண்டி கட்டிக்கிட்டு வந்தவருங்க. ஊட்டுக்குப் போயி அவருக்குச் சோறு எறங்காதுங்க."

"உன் ஒரு வருஷம்?"

"போச்சுங்க" என்றான்.

கையை விடவில்லை. நான் பலவந்தமாக உதறிக்கொண்டு போயிருக்கலாம். அவனைக் கேட்டு நடக்க வேண்டிய விஷயம் அது, அவன் வேண்டாம் என்கிறான். துரையைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கொடியை இறக்கச் சொன்னார். வண்டிகள் எல்லாம் மல்லூர்ப் பக்கம் பறந்தன. புழுதி எழும்பி எங்கள் எல்லோர் மேலும் இறங்கியது.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கேள்வி சரி. விதி சரி. மொழிபெயர்த்ததும் எழுத்து தவறாமல் சரி. கேட்ட இடம்தான் தப்பு. டீ கொடுத்துக் கூடாரத்துக்குள் வைத்துக் கேட்டிருந்தால் அவன் ஒரு ரூபாய் என்று சொல்லியிருப்பான். துரை சிரித்துக்கொண்டே அமெச்சூர் என்று எழுதியிருப்பார். மானத்தோடு வாழ்கிற ஒருவனை அவனுடைய சனங்களுக்கு நடுவில் நிறுத்திக் கேட்டால், அந்தச் சனங்களுக்கு எது வேண்டுமோ அதுதான் பதிலாக வரும். பிற்பாடு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தபோது ஒருவனையும் வெளியில் வைத்துக் கேட்டதில்லை. ஏழை பணக்காரன் எல்லோரையும் தனியாகத்தான் கேட்டேன். அதனால் சில பேர் பிழைத்தார்கள். நாச்சிமுத்துவுக்கு அதனால் என்ன? அவன் ஒர்க்ஷாப்பில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அடுத்த வருஷம் பந்தயத்து அன்று புதுச்சத்திரத்துக்கிட்டே ஆடு மாடு ரோட்டுக்கு வராமல் விரட்டக் கூலிக்கு நின்றவர்களில் அவனும் ஒருவன். கையில் குச்சியோடு நின்றான். நான் காரில் இருந்தேன். இறங்கிப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நடந்த மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டிகள் போனதும் பண்ணாடி எங்களிடம் வந்தார். அவர் முகம் சுருங்கியிருந்தது.

"ஏண்டா பையா, எல்லா வண்டியும் போயிருச்சு, நீ இன்னும் நிக்கறே?"

"வண்டி கிளம்பலீங்க பண்ணாடி" என்றான் நாச்சிமுத்து.

"அட என்னடா இது. இத்தனை சனத்தைக் கூட்டிக்கிட்டு வந்தேனேடா. தொரைகிட்ட உன்னைப் பத்தி எவ்வளவு சொன்னேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். கண் கலங்கியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். "சரி உடு. நமக்குக் குடுத்து வெக்கலே" என்று சொல்லிவிட்டு மாடுகளைப் பூட்டச் சொன்னார்.

நாச்சிமுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் சாய்த்தான். ராமாயி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஏன் ஓட்டவில்லை என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்து, அந்த விதியை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"ஏனுங்க சாமி, அவருக்குப் பவுன் குடுத்தது நெசமுங்களா?"

நோம்பிக்கு அவள் ஊருக்குப் போகவில்லை. வேலையை விட்டுப் போனால் அடுப்பு எரியாது என்று ஆட்டையாம்பட்டியிலேயே தார் சுற்றிக்கொண்டு இருந்தவள். பவுன் என்றால் அவன் அவளிடம் மறைத்த பவுன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்லைம்மா" என்றேன். "ஒரு ரூபாய்தான். அதையும் உண்டியலில் போட்டுவிட்டான். பெரியவர் பெருமைக்குச் சொன்னது அது. உன் புருஷன் என்னிடம் சொன்னான்."

"உங்ககிட்ட எப்பச் சொன்னாருங்க?"

"இப்போதுதான். அந்த மரத்தடியில்."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் மரத்தடியில் குனிந்து நின்ற புருஷனைப் பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஊரே கேக்க ஆமான்னாரே சாமி. அதுவும் போவட்டும். பண்ணாடி பொய் சொல்லுவாருங்களா?"

நான் மறுபடியும் ஒரு ரூபாய்தான் என்றேன். அவள் சரிங்க என்றாள். பானையைத் தூக்கிக்கொண்டு, அவன் நின்ற மரத்தடிக்குப் போகாமல், ஊர்க்காரர்களின் மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.